காந்தச் சக்கரமும் வெப்பமானியும்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியில் படிக்கிறோம். அதைக் கண்டறிந்தவர்கள் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் நம்பினார்கள் என்றும் நினைத்துக்கொள்கிறோம். அந்த விதிக்கு எண்களால் சான்று தந்த ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூலின் கதை இந்த நினைப்புக்கு நேர்மாறானது. இருபது வயதில் அவர் காந்தத்திலிருந்து எல்லையில்லாத சக்தியை எடுத்துவிடலாம் என்று நம்பினார். அந்த ஆசையோடுதான் பட்டறைக்குள் நுழைந்தார்.

ஜூல் 1818 டிசம்பரில் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் பிறந்தார். அப்பாவுக்குச் சொந்தமாக பீர் வடிக்கும் ஆலை இருந்தது. மகனும் அந்தத் தொழிலைக் கவனித்துக்கொண்டே வளர்ந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை, எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்ததுமில்லை. அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனிடம் சிறுவயதில் கணக்கும் இயற்பியலும் கற்றதுதான் முறையான பயிற்சி. மற்றதெல்லாம் வீட்டிலேயே செய்து பார்த்துக் கற்றது. இன்றைய வழக்கில் சொன்னால் அவர் ஒரு அமெச்சூர்.

அது மின்காந்தத்தின் மீது ஐரோப்பா முழுக்க ஒரு வெறி பரவியிருந்த காலம். செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, ராணுவத்தில் சிப்பாயாக இருந்த வில்லியம் ஸ்டர்ஜன் 1825-ல் மின்காந்தத்தைச் செய்து காட்டியிருந்தார். 1838-ல் மோரிட்ஸ் ஜேகபி ரஷ்யாவின் நேவா ஆற்றில் மின்மோட்டார் பூட்டிய படகை ஆட்களோடு ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டில், ஸ்டர்ஜன் நடத்திய மின்னியல் இதழில், தான் செய்த மோட்டாரைப் பற்றி ஜூலின் முதல் கட்டுரை வந்தது.

அவருடைய கணக்கு பார்வைக்குக் கச்சிதமாக இருந்தது. இரண்டு மின்காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை, அவற்றில் ஓடும் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டத்தை இரட்டித்தால் இழுவிசை நான்கு மடங்காகும். பேட்டரியில் கரையும் துத்தநாகமோ மின்னோட்டத்தின் அளவில்தான் கூடும். அதாவது செலவு இரண்டு மடங்கு ஏறினால் வரவு நான்கு மடங்கு ஏறும். மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போனால்? நீராவி எந்திரத்துக்குக் கடைசியில் விடைகொடுத்துவிடலாம் என்று ஜூல் உறுதியாக எழுதினார். இன்று கொல்லைப்புறப் பட்டறையில் காந்தமும் செப்புக் கம்பியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எவருடைய கணக்கும் இதைவிடத் தெளிவாக இருந்துவிட முடியாது.

மோட்டார் அந்தக் கணக்குக்கு ஒத்துழைக்கவில்லை. வேகம் ஏற ஏற மின்னோட்டம் குறைந்தது. சுழலும் கம்பிச்சுருள் தானே ஒரு மின்னாக்கியாக மாறி, பேட்டரிக்கு எதிர்த்திசையில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதை எதிர் மின்னியக்கு விசை என்கிறோம். மோட்டார் செய்யும் ஒவ்வொரு துளி வேலைக்கும், இந்த எதிர்ப்பை மீறி மின்னோட்டத்தைத் தள்ளும் செலவை பேட்டரிதான் ஏற்றாக வேண்டும். கம்பியும் சூடாகிறது. அந்தச் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கும் தடைக்கும் நேர்விகிதத்தில் இருப்பதை அவர் 1840-ல் அளந்து கண்டார். இன்று ஜூல் விதி என்று படிப்பது அதைத்தான். நான்கு மடங்கு என்று எதிர்பார்த்த ஆதாயம் எங்கே போனது என்று தேடிய இடத்தில் கிடைத்த விதி அது.

1841-ல் அவர் கணக்கை வெளிப்படையாக வைத்தார். பேட்டரியில் 1 பவுண்டு துத்தநாகம் கரைந்தால், அவருடைய மோட்டாரால் 3,31,400 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்த முடிந்தது. கார்ன்வால் சுரங்கங்களில் ஓடிய சிறந்த நீராவி எந்திரமோ 1 பவுண்டு நிலக்கரியில் ஏறத்தாழ 15,00,000 பவுண்டை ஓர் அடி உயர்த்தியது. துத்தநாகம் நிலக்கரியைவிடப் பல மடங்கு விலை. காந்த இழுவிசையைச் சிக்கனமான சக்தி மூலமாக ஆக்க முடியும் என்ற நம்பிக்கை தனக்கு ஏறக்குறையப் போய்விட்டது என்று அவரே எழுதினார். அப்போது அவருக்கு வயது 22.

பலருக்குக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஜூல் அடுத்த கேள்விக்குப் போனார். காந்தங்களுக்கிடையே கம்பிச்சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கிறது, அந்த மின்சாரம் கம்பியைச் சூடாக்குகிறது. இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? வேறெங்கோ இருந்த வெப்பம் இடம் மாறி வருகிறதா, புதிதாக உண்டாகிறதா? 1843-ல் ஒரு சிறு மின்காந்தத்தை நீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து அடைத்தார். அந்தக் குழாயை ஒரு பெரிய மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே வேகமாகச் சுழற்றினார். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் சுழற்றி, நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பார்த்தார். பெரிய காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்து ஒருமுறை, கொடுக்காமல் ஒருமுறை என்று மாற்றி மாற்றிச் செய்தார். காற்றாலும் உராய்வாலும் வரும் பிழையைக் கழிக்க இந்த ஏற்பாடு. பிறகு கைச்சக்கரத்துக்குப் பதிலாக, கயிற்றில் கட்டி இறங்கும் எடைகளால் அதைச் சுழலவைத்தார். எவ்வளவு எடை எவ்வளவு தூரம் இறங்கினால் எவ்வளவு சூடு என்று நேரடியாக ஒப்பிட முடிந்தது. 1 பவுண்டு நீரை 1 டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க 838 அடி-பவுண்டு வேலை தேவை என்ற எண் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் இதைப் படித்தார். கேட்டவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி ஆண்டுக்கணக்கில் அளந்து, 1850-ல் அந்த எண்ணை 772 ஆகத் திருத்தினார். இன்றைய மதிப்பான 778-க்கு அது மிக நெருக்கம்.

இலவச ஆற்றலைத் தேடிய ஒருவர் இலவச ஆற்றல் இல்லை என்பதற்கான சான்றோடு வெளியே வந்தார். தேடலின் ஆசை அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுதான். அவரிடம் கூடுதலாக இருந்தது ஒரு நல்ல வெப்பமானியும், அது காட்டும் எண் எதுவானாலும் எழுதிவைக்கும் மனமும்.

காந்தத்தால் ஓயாமல் சுழலும் சக்கரம் என்ற கனவு ஜூலுக்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் முந்தியது. 1269 ஆகஸ்டில், இத்தாலியில் லூசெரா நகரை முற்றுகையிட்டிருந்த படைமுகாமில் இருந்தபடி, பெட்ரஸ் பெரெக்ரினஸ் என்ற பிரெஞ்சுக்காரர் நண்பர் ஒருவருக்குக் காந்தக்கல்லைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். காந்தத்துக்கு இரண்டு துருவங்கள் உண்டு, ஒத்த துருவங்கள் விலக்கும், வேறு துருவங்கள் ஈர்க்கும், காந்தத்தை உடைத்தால் ஒவ்வொரு துண்டும் இரு துருவம் கொண்ட முழுக் காந்தமாகும் என்பதையெல்லாம் சோதனை செய்து எழுதிய முதல் ஆவணங்களில் ஒன்று அது. கடிதத்தின் கடைசிப் பகுதியில், காந்தக்கல்லின் துணையோடு நிற்காமல் சுற்றும் பற்சக்கரம் ஒன்றை எப்படிச் செய்வது என்று விளக்கியிருக்கிறார். ஒரே கடிதம், ஒரே கை. முதல் பாதி 750 ஆண்டுகளாக நிற்கிறது, கடைசிப் பகுதி ஒரு நாளும் சுற்றியதில்லை. விளிம்பில் நிற்கும் எண்ணங்களைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்வேன். அறிவியலும் அறிவியலல்லாததும் இரண்டு வகை மனிதர்களிடமிருந்து பிறப்பதில்லை.

1648-ல் ஜான் வில்கின்ஸ் தன் நூலில் இன்னொரு அமைப்பை எடுத்துப் பேசினார். ஒரு கம்பத்தின் உச்சியில் வலுவான காந்தக்கல். அதை நோக்கி ஏறும் சாய்தளம். கீழே வைத்த இரும்புக் குண்டைக் காந்தம் மேலே இழுக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு துளை. குண்டு துளைவழி விழுந்து, வளைந்த பாதையில் உருண்டு அடிக்கு வரும், மறுபடி இழுக்கப்படும். வில்கின்ஸ் அதன் ஓட்டையையும் காட்டினார். சாய்தளத்தின் அடியிலிருந்தே குண்டை மேலே இழுக்கும் அளவுக்குக் காந்தம் வலுவாக இருந்தால், தனக்கு மிக அருகே உள்ள துளையில் குண்டை விழவிடாது. விழும் அளவுக்கு வலுக்குறைவாக இருந்தால் அடியிலிருந்து இழுக்காது.

இன்று ஆர்வலர்கள் கட்டும் காந்த மோட்டார்களில் பெரும்பாலானவை இந்தச் சாய்தளத்தை வட்டமாக வளைத்தவைதான். ஓர் உருளையின் மேல் இரண்டு வரிசை காந்தங்களை ஒட்டுவார்கள். ஒரு முனையில் அகலமாகத் தொடங்கி மறுமுனையில் ஒடுங்கி வரும் வரிசைகள். எதிரே பிடித்திருக்கும் காந்தம் உருளையைத் திருப்பிக்கொண்டே போகும், வேகமும் கூடும். ஒடுங்கிய முனை முடிந்து அகலமான முனை தொடங்கும் இடத்தில் உருளை நின்றுவிடும். சுற்று முழுவதும் சேர்த்த வேகத்தை அந்த ஓர் இடம் வாங்கிக்கொள்கிறது. காந்தங்களின் கோணத்தை மாற்றலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம். நிற்கும் இடம் நகரும், சிலசமயம் பல சிறு இடங்களாகப் பிரியும், ஆனால் மறையாது. அசையாத காந்தங்களின் புலத்தில் ஒரு பொருள் எந்த வழியில் சுற்றி வந்து தொடங்கிய நிலைக்கே திரும்பினாலும் புலம் அதற்குக் கொடுத்த நிகர வேலை சுழி. காந்தத்தின் வடிவமும் வலுவும் இதை மாற்றாது.

அந்த இடத்தில் மட்டும் ஓர் இரும்புத் தகட்டை நுழைத்துப் புலத்தை மறைத்தால் என்ன என்பது எல்லோருக்கும் தோன்றும் அடுத்த யோசனை. தகட்டை நுழைக்கும்போது காந்தமே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே எடுக்கும்போதுதான் கை வலிக்கும். மறைப்பால் மிச்சமாகும் வேலை முழுவதையும் தகட்டை உருவியெடுக்கச் செலவிட்டிருப்போம். இதை ஒரு விசைத்தராசு கொண்டு மேசையிலேயே அளந்து பார்க்கலாம்.

நிலைக்காந்தத்துக்குள் பெரிய ஆற்றல் கிடங்கு இருக்கிறது, அதைத் திறக்கும் சாவிதான் தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கிடங்கின் அளவு நமக்குத் தெரியும். கடையில் கிடைப்பவற்றில் மிக வலுவானது நியோடிமியக் காந்தம். அதில் ஒரு கன சென்டிமீட்டர் வெளியே உண்டாக்கும் புலத்தின் ஆற்றல் அரை ஜூலைத் தாண்டாது. 1 வாட் எல்.இ.டி. விளக்கு அரை விநாடி எரிவதற்குக்கூட அது போதாது. சாதாரண ஏ.ஏ. ஆல்கலைன் பேட்டரியில் அதே கன அளவில் 1,000 ஜூலுக்கு மேல் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தம் ஓயாமல் உழைக்கிறது என்று தோன்றலாம். நகர்வு இல்லாத இடத்தில் வேலையும் இல்லை. சுவரில் அடித்த ஆணி படத்தைத் தாங்குவதுபோல அது தாங்குகிறது, அவ்வளவுதான்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். மிசிசிப்பி மாநிலத்தின் லூஸ்டேல் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜோசப் நியூமன் 1979-ல் ஓர் எந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மிகப் பெரிய செப்புக் கம்பிச்சுருள். அதனுள்ளே சுழலும் நிலைக்காந்தம். சுழற்சிக்கேற்ப மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் சுவிட்ச். ஓட்டுவதற்கு அடுக்கடுக்காகப் பேட்டரிகள். காந்தப்புலம் என்பது சுழலும் நுண்துகள்களின் ஓட்டம், ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி எந்திரத்தின் நிறையில் ஒரு சிறு பகுதி ஆற்றலாக வெளிவருகிறது, ஆகவே கொடுப்பதைவிட வருவது அதிகம் என்பது அவருடைய கொள்கை. காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அவர் வழக்குப் போட்டார்.

இந்த வழக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுவதற்குக் காரணம், படித்தவர்கள் எப்படி வழுக்கினார்கள் என்பது அதில் பதிவாகியிருப்பதுதான். நீதிமன்றம் நியமித்த சிறப்பு ஆய்வாளர் வில்லியம் ஸ்கைலர் காப்புரிமை அலுவலகத்தின் முன்னாள் ஆணையர். 1984-ல் அவர் தந்த அறிக்கை, சான்றுகள் நியூமன் பக்கமே வலுவாக இருப்பதாகச் சொன்னது. சான்று என்றால் சில பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் எந்திரத்தைப் பார்த்து, மீட்டர் வைத்து அளந்து கொடுத்த வாக்குமூலம். சி.பி.எஸ். தொலைக்காட்சி மாலைச் செய்தியில் எந்திரத்தைக் காட்டியது. நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் அரங்கில் நியூமன் நடத்திய செயல்விளக்கத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். மிசிசிப்பி மக்களின் ஆதரவு அமெரிக்க செனட் வரை எட்டியது.

நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், எந்திரத்தைத் தேசியத் தரநிலைகள் கழகத்திடம் சோதனைக்கு ஒப்படைக்கச் சொன்னார். கழகத்தின் பொறியாளர்கள் செய்தது எளிய காரியம். பேட்டரியிலிருந்து உள்ளே போகும் திறனை அளந்தார்கள். வெளியே ஒரு மின்தடையை இணைத்து, அதில் செலவாகும் திறனை அளந்தார்கள். அலை எப்படிக் கோணலாக இருந்தாலும் ஏமாறாத கருவிகளை, ஒன்றுக்கொன்று சரிபார்த்துப் பயன்படுத்தினார்கள். 1986 ஜூனில் அறிக்கை வந்தது. நிலைமைக்கு ஏற்ப எந்திரத்தின் பயனுறுதிறன் 26 முதல் 67 சதவீதம். எந்த நிலையிலும் வெளியே வந்தது உள்ளே போனதைத் தாண்டவில்லை. எந்திரத்தை நில இணைப்புச் செய்து சோதித்ததால் ஆற்றல் கசிந்துவிட்டது என்று நியூமன் மறுத்தார்.

அடுத்த மாதம் செனட் குழு விசாரணை நடத்தியது. குழுவில் விண்வெளி வீரர் ஜான் கிளென் இருந்தார். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்தால் தீர்ந்தது, இருதரப்பும் ஒப்பும் ஆய்வகத்திடம் கொடுக்கலாமே என்ற பொருளில் கேட்டார். நியூமன் அந்த யோசனையை ஏற்கவில்லை. 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்தது. இயற்பியலாளர் ராபர்ட் பார்க் 2000-ல் எழுதிய நூலில் இந்த விசாரணையை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். நியூமன் 2015-ல் இறந்தார். கடைசிவரை தன் எந்திரத்தை நம்பினார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரை நம்பிய பொறியாளர்களும் பொய் சொல்லவில்லை. மீட்டர் காட்டியதைத்தான் சொன்னார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பெரிய கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டினால், அதன் காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் ஒரே நொடியில் வெளியேறப் பார்க்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சுருளில் பல நூறு வோல்ட் துடிப்பு எழும். பழைய டியூப்லைட்டின் சோக்கும் ஸ்டார்ட்டரும் சேர்ந்து விளக்கை ஏற்றியது இப்படித்தான். மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிப்பதும் இதனால்தான். துடிப்பின் உயரம் பிரமாண்டம், நீளம் மிகச் சிறிது. உயரத்தை மட்டும் பார்த்து மின்னோட்டத்தால் பெருக்கினால் அற்புதமான எண் கிடைக்கும்.

விலை குறைந்த மல்டிமீட்டர் மாறுமின்னோட்டத்தை அளக்கும்போது, அலை சீரான சைன் வடிவில் இருக்கிறது என்று தானே வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்கிறது. கூரான துடிப்புகளைக் கொடுத்தால் அது சொல்வதை நம்ப முடியாது. இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. சுருளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. இரண்டையும் தனித்தனியே அளந்து பெருக்கினால் வருவது உண்மையான வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். சுருளுக்குள் போய் அடுத்த கணமே திரும்பிவரும் ஆற்றலையும் அது வரவில் எழுதிவிடும். நம் ஊர்ச் சந்தைகளில் விற்கும் மின்கட்டணக் குறைப்புப் பெட்டிகளும் இதே இடைவெளியில்தான் பிழைக்கின்றன. பிளக்கில் செருகினால் ஆம்பியர் மீட்டரில் எண் குறைவதைக் காட்டுவார்கள். உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர். ஆம்பியர் குறைவது உண்மை. வீட்டு மீட்டர் கணக்கிடுவது வாட்-மணியை. அது குறைவதில்லை.

பேட்டரி செய்யும் மயக்கம் எல்லாவற்றிலும் பெரியது. அமெரிக்காவில் ஜான் பெடினி என்பவர் சைக்கிள் சக்கரத்தில் காந்தங்களை ஒட்டி, சுருளின் துடிப்புகளை இன்னொரு பேட்டரிக்குத் திருப்பிவிடும் மோட்டார்களைப் பிரபலமாக்கினார். 2002-ல் அதற்கு ஒரு காப்புரிமையும் பெற்றார். செய்வதற்கு எளிது, சுழல்வதைப் பார்க்க அழகு. உலகெங்கும் பல்லாயிரம் பேர் கட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது பேட்டரியின் மின்னழுத்தம் விறுவிறுவென்று ஏறும், பேட்டரி நிரம்பிவிட்டது என்று தோன்றும். ஈய-அமில பேட்டரியின் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் மின்னேற்றம் படிந்தாலே மின்னழுத்தம் உயரும். உள்ளே எவ்வளவு ஆற்றல் சேர்ந்தது என்பதை அது சொல்லாது. ஒரு விளக்கை மாட்டிக் கடைசிவரை எரியவிட்டால்தான் உண்மை தெரியும். ஓய்வு கொடுத்த பேட்டரி தானாகவே கொஞ்சம் தேறிக்கொள்ளும் என்பதும் சேர்ந்து பலரை ஆண்டுக்கணக்கில் சுற்றவிட்டிருக்கிறது.

இந்தப் பட்டறைகளில் வெறும் பிழை மட்டுமே இருந்தது என்று நான் எழுதினால் அது நியாயமாகாது. உண்மையான புதிர்களும் அங்கே இருந்தன. லாட்வியாவில் பிறந்து ஃபுளோரிடாவில் தனியாளாகப் பவளச் சுண்ணாம்புக் கற்களால் ஒரு கோட்டையைக் கட்டிய எட்வர்டு லீட்ஸ்கால்னின், 1945-ல் காந்த ஓட்டம் பற்றிச் சிறு நூல் வெளியிட்டார். மின்சாரம் என்பது எதிரெதிரே ஓடும் வட, தென் துருவத் துகள்களின் இரு நீரோட்டம் என்ற அவருடைய கொள்கை தவறு. அவர் விவரித்த சோதனை ஒன்று மட்டும் யார் செய்தாலும் நடக்கிறது. லாட வடிவ இரும்புக் கட்டையின் இரு கால்களிலும் சுருள் சுற்றி, வாய்ப்பகுதியை இன்னொரு இரும்புத் துண்டால் மூடி, ஒரு கணம் மட்டும் பேட்டரியைத் தொட்டு எடுத்தால் அந்த மூடி இறுக ஒட்டிக்கொள்ளும். நாள் கடந்தாலும் ஒட்டியிருக்கும். சுருளில் சிறு பல்பை இணைத்து மூடியைப் பிடுங்கினால் பல்பு ஒரு முறை பளிச்சிடும். திரும்ப வைத்தால் ஒட்டாது. மூடிய இரும்புச் சுற்றில் காந்தத்தன்மை தங்கிவிடுகிறது, பல்புக்குப் போனதில் பெரும்பகுதி மூடியைப் பிடுங்கிய நம் கையின் வேலை. பள்ளி ஆய்வகங்களில் இந்தச் சோதனை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஃபாரடே 1831-ல் செய்த வட்டத்தகடு இன்னும் ஆழமான புதிர். காந்த முனைகளுக்கிடையே செப்புத் தகட்டைச் சுழற்றினால், அச்சுக்கும் விளிம்புக்கும் இடையே மின்னழுத்தம் வருகிறது. காந்தத்தையும் தகட்டோடு சேர்த்து ஒட்டி, இரண்டையும் ஒன்றாகச் சுழற்றினாலும் வருகிறது. காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே நகர்வே இல்லை, பிறகு எப்படி? முதன்முதலில் கேட்கும் யாரையும் இது உலுக்கும். அமெரிக்காவில் புரூஸ் டிபால்மாவும், இந்தியாவில் கைகா அணுமின் திட்டத்தில் உயர்பொறுப்பு வகித்த பொறியாளர் பரமஹம்ச திவாரியும் இந்த இடத்தில்தான் நின்றார்கள். வெட்டவெளியே ஆற்றல் தருகிறது என்று இருவரும் முடிவுகட்டினார்கள். திவாரி அதற்கென்று வெளியின் சுழல் பற்றிய முழுக் கொள்கையையே எழுதினார். இயற்பியலின் விடை இவ்வளவு தூரம் போவதில்லை. அச்சைச் சுற்றிச் சமச்சீரான காந்தம் தன் அச்சில் சுழல்வதால் வெளியின் எந்தப் புள்ளியிலும் புலம் மாறுவதில்லை. தகட்டோடு சேர்ந்து நகரும் எலக்ட்ரான்கள் அந்தப் புலத்தில் விசையை உணர்கின்றன. மீட்டரின் கம்பி சுழலாமல் நிற்கிறது, அதனால் சுற்று முழுமையடைகிறது. மின்னோட்டத்தை எடுத்தால் தகட்டின் சுழற்சிக்கு எதிர்ப்பு முறுக்கமும் வந்தே தீரும். இவ்வகை எந்திரத்தில் மின்னழுத்தம் மிகக் குறைவு, மின்னோட்டம் மிக அதிகம். பிரஷ்களின் உராய்வும் சூடும் அளவீட்டைக் குழப்பும். பெரிய உரிமைகோரல்களுக்கு மிகப் பொருத்தமில்லாத அளவீட்டுச் சூழல் இது.

அமெச்சூர் ஒருவர் வென்ற கதையும் உண்டு. நிலைக்காந்தங்களால் மட்டும் ஒரு பொருளை அசையாமல் அந்தரத்தில் நிறுத்த முடியாது என்று சாமுவேல் எர்ன்ஷா 1842-ல் கணித முறையில் நிறுவினார். அதனால் காந்தப் பம்பரத்தை மிதக்கவிட முயன்ற வெர்மான்ட் மாநிலத்தின் ராய் ஹாரிகனிடம், அது வீண்வேலை என்று இயற்பியல் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவர் விடவில்லை. 1983-ல் காப்புரிமை பெற்றார். லெவிட்ரான் என்ற பெயரில் பின்னாளில் விற்பனையான பொம்மை அதுதான். அடித்தளத்துக்கு மேலே பம்பரம் எதையும் தொடாமல் சுழன்றுகொண்டே மிதக்கும். விநாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 35 சுற்று வரைதான் அது நிலைக்கும். காற்றின் தடையால் வேகம் குறைந்து சில நிமிடங்களில் விழுந்துவிடும். 1996-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெரி அதன் இயற்பியலை முழுமையாக விளக்கினார். எர்ன்ஷாவின் தேற்றம் நிலையாக இருக்கும் காந்தத்துக்கு உரியது. சுழலும் பம்பரம் புலத்தின் திசைக்கேற்பத் தன் அச்சை மெல்லத் திருப்பிக்கொள்வதால் தேற்றத்தின் நிபந்தனை அதற்குப் பொருந்தவில்லை.

ஹாரிகனையும் நியூமனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருவரிடமும் நிபுணர்கள் முடியாது என்றார்கள், இருவரும் பிடிவாதமாக இருந்தார்கள். ஹாரிகனின் பம்பரம் மேசைமேல் எல்லோர் கண்முன்னும் மிதந்தது. அதை நம்ப மீட்டர் தேவைப்படவில்லை. அவர் மீறியதாகத் தோன்றிய தேற்றத்துக்கு வெளிப்படையான எல்லை இருந்தது. ஆற்றல் அழியாமை விதிக்கு அப்படியொரு விலக்கு எவருடைய பட்டறையிலும் இதுவரை தென்படவில்லை. பிரெஞ்சு அறிவியல் கழகம் ஓயாமல் தானே இயங்கும் எந்திரங்களைப் பரிசீலிப்பதை 1775-லேயே நிறுத்திவிட்டது. நிறுவப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரண்படுவதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை என்று இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவும் சொல்கிறது.

2006 ஆகஸ்டில் டப்ளினைச் சேர்ந்த ஸ்டீயோர்ன் நிறுவனம், காந்தப்புலங்களைக் கொண்டு இலவச ஆற்றல் தரும் தொழில்நுட்பம் தன்னிடம் இருப்பதாக ‘தி எகனாமிஸ்ட்’ இதழில் விளம்பரம் கொடுத்தது. சோதித்துப் பார்க்க அறிவியலாளர்களையே அழைத்தது. அடுத்த ஆண்டு லண்டனில் நடக்கவிருந்த செயல்விளக்கம் விளக்குகளின் சூட்டால் கெட்டுவிட்டது என்று நிறுத்தப்பட்டது. 22 பேர் கொண்ட நடுவர் குழு 2009-ல் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ஆற்றல் உற்பத்தி எதையும் அந்த நிறுவனம் காட்டவில்லை.

காந்தங்களோடு பட்டறையில் உட்காரும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள், கட்டுவதை நிறுத்தாதீர்கள். சுருளைச் சுற்றி, சுவிட்சைச் சரிசெய்து, தாங்குருளைகளை மாற்றிக் கற்பது எந்தப் பாடநூலும் தராத கல்வி. உள்ளீட்டுக்கு மட்டும் பேட்டரியை வைக்காதீர்கள், சூப்பர் கெப்பாசிட்டரை வையுங்கள். அதன் மின்னழுத்தத்தைப் படித்தாலே உள்ளே எத்தனை ஜூல் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். 10 ஃபாரட், 2.7 வோல்ட் என்றால் 36 ஜூல். வெளியே வருவதை இன்னொரு சூப்பர் கெப்பாசிட்டரில் சேருங்கள், அல்லது ஒரு மின்தடையைத் தண்ணீரில் அமிழ்த்தி வெப்பமானியால் அளவிடுங்கள். துடிப்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும் தண்ணீர் ஏமாறாது. மோட்டார் உண்மையிலேயே கொடுப்பதைவிட அதிகம் தருமானால், வெளியீட்டை உள்ளீட்டோடு இணைத்து, முதல் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். ஓடினால் எனக்கும் உலகத்துக்கும் உடனே சொல்லுங்கள். நின்றால், எத்தனை ஜூல் எங்கே போனது என்று தேடி எழுதிவையுங்கள். ஜூல் தன் 22-வது வயதில் செய்தது அதைத்தான்.